துக்க வீட்டுப் பணத்துக்கு ஒரு நோட்டு

கல்யாண வீட்டில் வாசலிலேயே ஒரு மேஜையைப் போட்டு, மஞ்சள் தடவிய நோட்டை விரித்துக்கொண்டு, பேனாவும் கையுமாக இரண்டு பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். நூற்றொன்றோ ஐந்நூற்றொன்றோ, யார் எவ்வளவு வைத்தார்கள் என்பதை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதுகிறோம். பத்து வருஷம் கழித்துத் திருப்பிச் செய்யும்போதும் அந்த நோட்டைத் தேடிப் புரட்டுகிறோம். ஆனால் ஒரு துக்க வீட்டுக்காக ஊர் கூடித் திரட்டுகிற பணத்துக்கு மட்டும் நோட்டுப் போட நமக்குக் கூச்சம். "எழவு வீட்ல போய்க் கணக்கா?" என்று வாயை மூடிவிடுவார்கள். அந்தக் கூச்சத்தால் வந்த வினையைக் கண்ணால் பார்த்தவள் நான். பார்த்தவள் என்ன, அதில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் ஊர் நாமக்கல்லுக்குத் தெற்கே, பரமத்தி போகிற வழியில் இருக்கிறது. இந்தப் பக்கம் லாரிதான் பிழைப்பு. ஒரு வீட்டில் டிரைவர், அடுத்த வீட்டில் பாடி கட்டும் பட்டறைக்குப் போகிறவர், மூன்றாவது வீட்டில் கோழிப்பண்ணை. மாதத்தில் இருபது நாள் ஆண்பிள்ளைகள் வெளி மாநிலத்து ரோட்டில்தான். ராத்திரி பதினோரு மணிக்குமேல் போன் அடித்தால் எங்கள் தெருப் பெண்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

2011-ல் அப்படி ஒரு போன் வந்தது. நான்கு வீடு தள்ளியிருந்த டிரைவர் ஆந்திராப் பக்கம் விபத்தில் போய்ச் சேர்ந்தார். மனைவிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒரே பையன், ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். தெருவே கலங்கிப்போயிற்று. லாரிக்காரர்கள், டீக்கடைக்காரர், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் என்று ஆளாளுக்குக் கொடுத்ததில் ஒன்றே முக்கால் லட்சம் சேர்ந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. கருமாதி அன்று மஞ்சள் துணியில் முடிந்து, எல்லோர் முன்னிலையிலும் இறந்தவருடைய அண்ணன் கையில் கொடுத்தோம். துணியை முடிந்தவள் நான்தான். அந்தப் பெண் உள்ளறையில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணன் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர் கெட்டவர் இல்லை. முதலில் சாவுச் செலவுக் கடனை அடைத்தார். தன் வண்டிக்கு பைனான்ஸ் தவணை நின்றபோது, "அடுத்த மாசம் வெச்சுடலாம்" என்று கொஞ்சம் எடுத்தார். டீசல் விலை ஏறிற்று, லோடு கிடைக்கவில்லை, இன்னும் கொஞ்சம் எடுத்தார். இரண்டு வருஷத்தில் ஒன்றும் மிச்சமில்லை. பையன் ஒன்பதாவதோடு நின்று, திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் வேலைக்கு ஏறி, போர் போட வடக்கே போய்விட்டான். இன்றைக்கும் பண்டிகைக்கு வந்தால், "நல்லாருக்கீங்களா அத்தை?" என்று சிரித்த முகத்தோடுதான் கேட்கிறான். எனக்குத்தான் நிமிர்ந்து பதில் சொல்ல முடிவதில்லை.

இத்தனைக்கும் நான் கணக்குத் தெரியாதவள் அல்ல. மகளிர் சுய உதவிக் குழுவில் பல வருஷம் ஊக்குநராக இருந்தவள். தமிழ்நாட்டில் அந்தக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் ஆரம்பித்து, அடுத்த இரண்டு மூன்று வருஷங்களிலேயே எங்கள் சேலம் ஜில்லாவுக்கும் வந்துவிட்டன. அப்போது நாமக்கல் தனி ஜில்லா ஆகவில்லை. அது 1997-ல்தான் பிரிந்தது. பத்து ரூபாய் சந்தாவுக்குக்கூட ரசீது போட்டு, வாரா வாரம் தீர்மான நோட்டில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவோம். அப்படிப்பட்ட நான் ஒன்றே முக்கால் லட்சத்தைத் துணியில் முடிந்து கொடுத்தேன், பாருங்கள்.

அதற்கப்புறம் இந்த விஷயமாகப் பேப்பரில் எது வந்தாலும் கத்தரித்து வைக்க ஆரம்பித்தேன். பெரிய பெரிய துக்கங்களில் வந்த பணத்தை என்ன செய்தார்கள்?

2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகியது நம்மில் யாருக்கும் மறக்காது. அரசாங்கம் உடனே நிவாரணம் கொடுத்தது. ஆனால் முழு நஷ்டஈட்டுக்காக அந்தப் பெற்றோர்கள் பல வருஷம் ஹைகோர்ட் வரை அலைய வேண்டியிருந்தது. அதே வருஷம் டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி நாகப்பட்டினம் ஜில்லா. தாய், தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்காக அங்கே அரசாங்கமே இல்லம் திறந்தது. அதோடு இன்னொரு காரியமும் செய்தது. ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் 5 லட்சம் ரூபாய் டெபாசிட் போட்டு, பதினெட்டு வயது வரை எந்த உறவினரும் தொடமுடியாதபடி வைத்தது. எனக்கு முதலில் 'அட' என்று தோன்றியது அதைப் படித்தபோதுதான்.

கொரோனா காலத்திலும் அந்த வழியிலேயே போனார்கள். 2021 மே 29-ஆம் தேதி தமிழ்நாடு அரசு அறிவித்தது: இரண்டு பெற்றோரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் டெபாசிட், பதினெட்டு முடிந்ததும் வட்டியோடு பிள்ளைக்கு; அதுவரை வளர்க்கிறவர்களுக்கு மாதம் 3,000 ரூபாய். ஒருவரை மட்டும் இழந்த குடும்பத்துக்கு 3 லட்சம். அதே நாளில் மத்திய அரசும் ஒரு திட்டம் அறிவித்தது. பொதுமக்களின் நன்கொடையில் சேர்ந்த பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து, பெற்றோரை இழந்த பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும்போது கணக்கில் 10 லட்சம் இருக்கும்படி போஸ்டாபீஸில் போடுவது. ஆனால் பதினெட்டில் அதைக் கையில் கொடுப்பதில்லை. பதினெட்டிலிருந்து இருபத்துமூன்று வரை அதிலிருந்து மாதா மாதம் ஒரு தொகை வரும். முழுப் பணமும் இருபத்துமூன்றில்தான்.

பதினெட்டா, இருபத்துமூன்றா? என்னைக் கேட்டால் இருபத்துமூன்றுதான். பதினெட்டு வயதுப் பையன் கையில் ஐந்து லட்சம் என்றால் அவனுக்கு எத்தனை சித்தப்பாக்கள் முளைப்பார்கள் தெரியுமா? மாதச் செலவுக்கு வழி இருந்தால் படிப்பும் நிற்காது, முதலும் கரையாது.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் அபர்ஃபான் என்று ஒரு சுரங்கத் தொழிலாளர் ஊர். 1966 அக்டோபர் 21-ஆம் தேதி காலையில், மலைமேல் கொட்டி வைத்திருந்த நிலக்கரிக் கழிவு மழையில் ஊறி, சரிந்து வந்து பள்ளிக்கூடத்தை மூடிவிட்டது. 144 பேர் மாண்டார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். உலகம் முழுவதிலிருந்தும் பதினேழரை லட்சம் பவுன் நன்கொடை குவிந்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் வயிறெரியும் விஷயம். பெற்றோருக்குப் பணம் கொடுக்குமுன், 'இறந்த குழந்தையோடு நீங்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தீர்கள்?' என்று விசாரிக்க வேண்டும் என்று, தரும நிதிகளை மேற்பார்வை பார்க்கும் அரசு அமைப்பிலிருந்து யோசனை வந்ததாம்! பெற்ற தாயிடம் கேட்கிற கேள்வியா இது? நல்லவேளை, நிதிக் குழுவினர் அதைக் கேட்கவில்லை. ஆனால் மலைமேல் மிச்சமிருந்த கழிவு மேடுகளை அகற்றும் செலவுக்கு அந்த நன்கொடையிலிருந்தே ஒன்றரை லட்சம் பவுன் கொடுக்கும்படி ஆயிற்று. பிள்ளைகளைக் கொன்ற மண்ணை அள்ள, பிள்ளைகளுக்காக வந்த பணம்! அந்த ஒன்றரை லட்சத்தை அரசாங்கம் 1997-ல் திருப்பிக் கொடுத்தது, வட்டியில்லாமல். இத்தனை வருஷ மதிப்பையும் சேர்த்து வேல்ஸ் அரசு ஈடு செய்தது 2007-ல்தான். நாற்பது வருஷம்.

இதையெல்லாம் கத்தரித்து வைத்திருந்தது வீண் போகவில்லை. வீண் போயிருந்தால் தேவலை என்றுதான் சொல்ல வேண்டும். 2022 ஆவணியில் எங்கள் தெருவில் மறுபடியும் அந்தப் போன் வந்தது.

இந்த முறை மகாராஷ்டிராவில். சம்பளத்துக்கு வண்டி ஓட்டிய டிரைவர். மனைவி, எட்டாவது படிக்கும் பையன், ஆறு வயதுப் பெண், வயதான அம்மா. மறுநாளே தெரு வாட்ஸ்ஆப்பில் யாரோ ஒரு பையனின் ஜிபே நம்பரைப் போட்டு, "இதுக்கு அனுப்புங்க" என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் முதல் வேலையாக அதை நிறுத்தினேன். "நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிக்கறீங்களேக்கா" என்று சில பேருக்குக் கோபம். இருக்கட்டும். ரிடையர் ஆன வாத்தியார் ஒருவர், லாரி ஓனர் ஒருவர், நான் என்று மூன்று பேர் பெயரில் பாங்கில் புதிதாக ஒரு சேவிங்ஸ் கணக்கு தொடங்கினோம். எங்கள் சொந்தப் பணம் எதுவும் அதில் கலக்காது; இரண்டு கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாயும் வெளியே போகாது. கூடவே ஒரு நோட்டு, மொய் நோட்டு மாதிரியே. பெயர், தொகை, தேதி. டீக்கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்தவரும் அதில் உண்டு. பேர் வேண்டாம் என்றவருக்கு 'ஒரு அன்பர்' என்று எழுதினோம். தொகையை மட்டும் விடவில்லை.

மொத்தம் 4,12,000 ரூபாய் சேர்ந்தது. வசூலை முப்பதாம் நாளோடு நிறுத்தி, கோயில் சுவரில் கணக்கை ஒட்டினோம். நிறுத்தும் தேதி முக்கியம். முடிவில்லாத வசூலில்தான் பேச்சு கிளம்பும்.

மூன்று மாதக் குடும்பச் செலவுக்கு 40,000-ஐ உடனே அந்தப் பெண்ணின் கணக்கிலேயே போட்டோம். மளிகைக் கடை பாக்கி, பள்ளிக்கூட பாக்கி 12,000. பையனுக்கு ஒன்றரை லட்சம். ஆனால் ஒரே டெபாசிட்டாக அல்ல. முப்பது முப்பதாயிரமாக ஐந்து. அவன் பத்தாவது முடிக்கும் வருஷத்திலிருந்து ஒவ்வொரு மே மாதமும் ஒன்று முதிரும்படி. பீஸ் கட்டும் சமயத்தில் பணம் கைக்கு வரும், மற்றது உறங்கும். இது வாத்தியாருடைய யோசனை. சின்னவளுக்கும் ஒன்றரை லட்சம். அவளுக்குப் பத்து வயது ஆகாததால் போஸ்டாபீஸில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கி 50,000 போட்டோம். மீதி ஒரு லட்சத்தை டெபாசிட்டில் வைத்து, வருஷா வருஷம் அதிலிருந்து அந்தக் கணக்கில் கட்டுவதாக ஏற்பாடு. அந்தக் கணக்கு 21 வருஷத்தில் முதிரும். நடுவில் அவள் பதினெட்டு வயதாகியோ, பத்தாவது முடித்தோ மேல்படிப்புக்குப் போனால் பாதி வரை எடுக்கலாம். இரண்டு பிள்ளைகளின் கணக்குக்கும் கார்டியன் அவர்களுடைய அம்மா. 'ஆம்பளை கையெழுத்து வேணும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாங்கில் மைனர் கணக்குக்குத் தாய் கார்டியனாக இருக்கலாம்.

மிச்சம் 60,000. அதை அவசரத்துக்கு என்று எங்கள் மூவர் கணக்கிலேயே வைத்தோம். பில் கொண்டுவந்தால் கொடுப்பது என்று தீர்மானம். முன்பு பட்ட சூட்டில் நான் போட்ட தீர்மானம் அது. ரொம்பப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் சாயங்காலம் அந்தப் பெண் வாசலிலேயே நின்றாள், உள்ளே வராமல். கையில் பையனுக்கு வாங்கிய செருப்புக் கடை ரசீது. இருநூற்றெண்பது ரூபாய்.

"உள்ள வா அம்மிணி, எதுக்கு அங்கியே நிக்கறே?"

"இல்லீங்க அக்கா. ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? அவரு இருந்தப்ப வீட்டுக் கணக்கெல்லாம் நான்தான் பாப்பேன். மாசம் பத்து நாளுகூட அவரு வீட்ல இருந்ததில்லை. இப்ப ஒரு செருப்புக்குச் சீட்டு எடுத்துட்டு உங்க வாசல்ல நிக்கறேன். ஊரு குடுத்ததுதான், இல்லீங்கல. ஆனா கை ஏந்தறாப்ல இருக்குதுங்க."

சுருக்கென்றது. அபர்ஃபான் பெற்றோரிடம் கேட்கச் சொன்ன கேள்வியைப் படித்துவிட்டு வயிறெரிந்தவள்தானே நான்? ரசீது கேட்டு நான் செய்தது மட்டும் என்ன வாழ்ந்தது?

கோர்ட்டுகளுக்கே இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது என்று பின்னால் வக்கீல் ஒருவர் சொன்னார். 1994-ல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழி சொன்னது: விபத்து நஷ்டஈட்டில் மைனர் பிள்ளைகளின் பங்கை அவர்கள் மேஜராகும் வரை டெபாசிட்டில் போடவேண்டும், படிக்காதவர்களின் பணத்தையும் ஏமாந்துபோகாதபடி காக்கவேண்டும். நல்லதுதான். ஆனால் கீழே இருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பூட்டைப் போட்டுவிட்டார்கள். கணவனை இழந்த ஒரு பெண்ணும் வளர்ந்த மகள்களும் தங்கள் பங்கைக் கேட்டும் கிடைக்காமல் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2012-ல் அந்தக் கோர்ட், இப்படி யந்திரம் மாதிரி செய்யக்கூடாது, ஆளைப் பார்த்து, வயதையும் படிப்பையும் நிலைமையையும் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று கண்டித்தது.

மறுவாரமே 60,000-ஐயும் அவள் கணக்குக்கு மாற்றினோம். தையல் மெஷின் வாங்கச் சொன்னேன் நான். அவள் கறவை மாடு வாங்கினாள். "மாடெல்லாம் உன்னால ஒண்டியாப் பாக்க முடியுமா?" என்று நான் முணுமுணுத்தேன். அவள் பிறந்த வீட்டில் மாட்டோடு வளர்ந்தவள் என்பது எனக்கு எங்கே தெரியும்? இப்போது இரண்டு மாடு. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறாள். நான் சொன்ன தையல் மெஷினை வாங்கியிருந்தால் எங்கள் தெருவில் அது ஆறாவது மெஷினாக இருந்திருக்கும்.

ஊர்ப் பணம் ஒருபக்கம் இருக்கட்டும். சட்டப்படி வரவேண்டிய பணம் வேறு. இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள். துக்கத்தில் இதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். வேலை நேரத்தில் இறந்த டிரைவருக்கு, தவறு அவர் மேலேயே என்றாலும், வண்டி இன்சூரன்ஸ் வழியாகத் தொழிலாளர் நஷ்டஈடு கேட்க வழி உண்டு. கிளீனருக்கும் அப்படியே. வேறு வண்டியின் தப்பு என்றால் விபத்து டிரிப்யூனல். மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது உத்தமம். கருமாதி முடிந்த கையோடு எப்.ஐ.ஆர். நகலையும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். இறந்தவரின் பாஸ்புக்கையும் ஒருதரம் புரட்டுங்கள். வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி விபத்துக் காப்பீடு இருந்தால் 2 லட்சம் உண்டு. இருப்பதே தெரியாமல் விட்ட குடும்பங்கள் எத்தனையோ. உயிரோடு இருக்கும் ஆண்பிள்ளைகளை இன்றே அதில் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். இந்து வாரிசுச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள் மாதிரியே இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மாமியாருக்கும் பங்கு உண்டு சகோதரிகளே! எங்கள் தெருவில் நஷ்டஈட்டுப் பணம் வந்தபோது அந்த வயதான அம்மாளின் பங்கை ஒதுக்கியது யார் தெரியுமா? அந்த மருமகள்தான். "அவங்களுக்கும் புள்ளை போச்சுதுங்களே" என்றாள்.

பையன் பத்தாவதில் தேறி இப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். சேர்க்கும்போது முதல் டெபாசிட் முதிர்ந்திருந்தது. பீஸும் பஸ் பாஸும் போக மிச்சத்தில் ஒரு டிராயிங் போர்டு. நோட்டு இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் வாத்தியாரும் லாரி ஓனரும் நானும் கையெழுத்துப் போடுகிறோம். இப்போது நாலாவது கையெழுத்து அவளுடையது.

எனக்கிருக்கும் ஒரே கவலை, இன்னும் கொஞ்ச நாளில் அவனுக்குப் பதினெட்டு முடிகிறது. அன்றோடு கார்டியன் என்ற பேச்சு கிடையாது. பாங்குக்குப் போய்ப் புதிதாகக் கையெழுத்துக் கொடுத்துவிட்டால் மீதி டெபாசிட் எல்லாம் அவன் இஷ்டம். முதிருவதற்கு முன்பே உடைக்கலாம். கலெக்டர் காவல் நம் தெருப் பணத்துக்கு ஏது? போன ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டு, நோட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் படித்தான். ரிக் வண்டிக்குப் போன அந்தப் பையனும் தன் சம்பளத்திலிருந்து ஆயிரம் ரூபாய் அனுப்பியிருந்தான், அந்த வரியில் விரலை வைத்து, "இந்த அண்ணன் யாருங்க அத்தை?" என்றான். சொன்னேன், முழுக் கதையையும்.

கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். அவனுடைய பெரியப்பா அதற்கு முந்தின வாரமே ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்து போனார் என்று அவன் அம்மா சொன்னாள்.